டீப் பர்ப்பிள்: ஐந்து இடங்கள், பதினான்கு பேர்

கேள்வி இது: "டீப் பர்ப்பிளின் 'ஷேட்ஸ் ஆஃப் டீப் பர்ப்பிள்', 'மெஷின் ஹெட்', 'பர்ன்' என்ற மூன்று ஆல்பங்களைக் கேட்டேன். மூன்றிலும் மூன்று வேறு குரல்கள். மூன்றும் ஒரே குழு என்று நம்பவே முடியவில்லை. இவற்றில் எது உண்மையான டீப் பர்ப்பிள்? ஏன் இத்தனை பேர் வந்து போனார்கள்?"

முதலில் கணக்கு. 1968இல் தொடங்கிய இந்த பிரிட்டிஷ் குழுவில் எப்போதும் ஐந்து பேர்தான்: பாட்டு, கிட்டார், ஆர்கன், பேஸ் கிட்டார், டிரம்ஸ். அந்த ஐந்து இடங்களில் இதுவரை பதினான்கு பேர் இருந்திருக்கிறார்கள். இடையில் சில மாதங்கள் கைகொடுத்த ஒருவரையும் சேர்த்தால் பதினைந்து. தொடக்கம் முதல் இன்றுவரை எல்லா ஆல்பங்களிலும் இருப்பவர் ஒருவர் மட்டுமே, டிரம்ஸ் வாசிக்கும் இயன் பெய்ஸ். ஆள் மாறும்போதெல்லாம் மார்க் 1, மார்க் 2 என்று எண் போட்டுப் பேசுவது ரசிகர்களிடம் வழக்கமாகிவிட்டது. நீங்கள் கேட்ட மூன்று ஆல்பங்களும் முறையே மார்க் 1, 2, 3. குரல் மாறியதில் வியப்பே இல்லை.

என் பதிலையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பாடகரை வைத்து இந்தக் குழுவை அளக்காதீர்கள். ஆர்கனும் கிட்டாரும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும் இடம்தான் டீப் பர்ப்பிள். அந்த மல்லுக்கட்டு உயிரோடு இருந்தவரை யார் பாடினாலும் அது டீப் பர்ப்பிளாகவே ஒலித்தது. அது தளர்ந்த ஆண்டுகளில், புகழ்பெற்ற பழைய ஐவரே கூடி நின்றபோதும் அப்படி ஒலிக்கவில்லை.

தொடக்கமே விசித்திரமானது. முன்பு 'தி சர்ச்சர்ஸ்' குழுவில் டிரம்ஸ் வாசித்த கிறிஸ் கர்ட்டிஸ் என்பவருக்கு 1967இல் ஒரு யோசனை வந்தது. ஓடும் ராட்டினத்தில் ஆட்கள் ஏறுவதும் இறங்குவதும் போல, இசைக்கலைஞர்கள் வந்து சேர்ந்து விலகிக்கொண்டே இருக்கும் ஒரு குழு. அதற்கு அவர் வைத்த பெயரே 'ரவுண்டபவுட்', ராட்டினம். பணம் போட டோனி எட்வர்ட்ஸ் என்ற லண்டன் வணிகரைப் பிடித்தார். லெஸ்டரில் பிறந்து மேற்கத்தியச் செவ்வியல் பியானோ கற்ற, ஆர்கன் வாசிக்கும் ஜான் லார்டையும், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் இருந்த கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோரையும் அழைத்தார். பிறகு தானே முதல் ஆளாக இறங்கிப் போய்விட்டார். ஆனால் அவர் சொன்ன ராட்டினம் நிற்கவில்லை. பின்னால் நடந்த அத்தனைக்கும் அந்த முதல் பெயர் எவ்வளவு பொருத்தமாக அமைந்துவிட்டது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாகத்தான் இருக்கிறது.

கர்ட்டிஸ் போன பிறகு லார்டும் பிளாக்மோரும் ஆள் தேடினார்கள். பேஸுக்கு நிக் சிம்பர், பாட்டுக்கு ராட் எவன்ஸ், எவன்ஸோடு 'தி மேஸ்' குழுவில் வாசித்துக்கொண்டிருந்த பத்தொன்பது வயது இயன் பெய்ஸ். ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் ஒரு பழைய பெரிய வீட்டில் ஒத்திகை பார்த்தார்கள். 1968 ஏப்ரலில் டென்மார்க்கில் முதல் கச்சேரி. பெயர் மாறியதும் அந்த நாட்களில்தான். பிளாக்மோரின் பாட்டிக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றின் பெயர் டீப் பர்ப்பிள். குழுவுக்கும் அதுவே நிலைத்தது.

மார்க் 1 ஓராண்டுக்குள் மூன்று ஆல்பங்கள் பதிவு செய்தது. ஜோ சவுத் எழுதிய 'ஹஷ்' பாடலை அவர்கள் பாடிய விதம் அமெரிக்கப் பட்டியலில் நான்காம் இடம் வரை போனது. சொந்த ஊரான பிரிட்டனில் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. எவன்ஸின் குரல் கனிவானது, மெல்லிய பாடல்களுக்கு ஏற்றது. பிளாக்மோரும் லார்டும் ஒலியைக் கடுமையாக்க விரும்பினார்கள். அந்தக் கடுமையை அந்தக் குரல் தாங்காது என்று முடிவு செய்துவிட்டார்கள்.

1969 கோடையில் அவர்கள் அதைச் செய்த விதம்தான் சரியில்லை. முதலில் டெர்ரி ரீட் என்ற பாடகரைக் கேட்டுப் பார்த்தார்கள், அவர் வரவில்லை. பிறகு 'எபிசோட் சிக்ஸ்' என்ற குழுவின் கச்சேரிக்குப் போய் இயன் கில்லனின் குரலைக் கேட்டார்கள். கில்லனோடு சேர்ந்து பாட்டு எழுதும் ராஜர் குளோவரும் கூடவே வந்தார். பேஸ் வாசிக்க அவரை அழைக்கும் எண்ணம் முதலில் இல்லை. ஒரு பாடல் பதிவுக்கு வந்து வாசித்தார், அவரையும் சேர்த்துக்கொண்டார்கள். இத்தனையும் எவன்ஸுக்கும் சிம்பருக்கும் தெரியாது. பகலில் மேற்கு லண்டனில் ஹேன்வெல் பகுதியின் சமூகக் கூடத்தில் புதியவர்களோடு ஒத்திகை. மாலையில் பழையவர்களோடு மேடை. பல வாரங்கள் இப்படியே ஓடின. இசைக்கு அது நல்ல முடிவுதான், மறுக்க மாட்டேன். ஆனாலும் நம்பி நின்ற இருவருக்கு முகம் பார்த்துச் சொல்லாமல் செய்தது தவறு. பின்னாளில் இதே குழுவில் ஒவ்வொருவரும் மற்றவர் மேல் வைத்திருந்த சந்தேகத்துக்கு விதை இங்கே விழுந்தது என்றே நான் நினைக்கிறேன்.

புதிய ஐவரும் சேர்ந்த சில வாரங்களிலேயே, 1969 செப்டம்பர் 24 அன்று, லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் ராயல் பில்ஹார்மானிக் இசைக்குழுவோடு மேடை ஏறினார்கள். லார்ட் எழுதிய 'கான்செர்ட்டோ ஃபார் குரூப் அண்ட் ஆர்கெஸ்ட்ரா' அது. நடத்தியவர் இசையமைப்பாளர் மால்கம் ஆர்னல்ட். பத்திரிகைகள் எழுதின, மக்கள் பேசினார்கள். பிளாக்மோருக்கு மட்டும் பொறுக்கவில்லை. அடுத்து முழுக்க முழுக்க ராக் ஆல்பம் ஒன்று செய்து பார்ப்போம், அது தோற்றால் பிறகு காலமெல்லாம் ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கிறேன் என்ற பொருளில் லார்டிடம் சொன்னார்.

அந்த ஆல்பம் 1970 ஜூனில் வந்த 'இன் ராக்'. அட்டையில் அமெரிக்காவின் ரஷ்மோர் மலையில் ஜனாதிபதிகளின் முகங்கள் செதுக்கப்பட்ட இடத்தில் இந்த ஐவரின் முகங்கள். ஓராண்டுக்கும் மேல் பிரிட்டிஷ் பட்டியலில் நின்றது. நான் மேலே சொன்ன மல்லுக்கட்டை முதன்முதலில் தெளிவாகக் கேட்பது இதில்தான். ஹாமண்ட் ஆர்கன் என்றால் தேவாலயமும் ஜாஸ் அரங்கும் நினைவுக்கு வரும். வழக்கமாக அதைச் சுழலும் லெஸ்லி ஒலிபெருக்கியோடு இணைப்பார்கள், ஒலி அலை அலையாக இழையும். லார்டோ கிட்டார்காரர்களின் மார்ஷல் ஆம்ப்ளிஃபையரில் இணைத்தார். ஆர்கன் உறுமியது, கரகரத்தது, கிட்டாருக்குச் சமமாக எதிர்நின்றது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் சில இடங்களில் எது கிட்டார், எது ஆர்கன் என்று பிரிக்கவே முடியாது. 'சைல்ட் இன் டைம்' பாடலில் அதே ஆர்கன் பூனைபோல் மெதுவாக நுழைகிறது. அந்த மெட்டின் வித்து 'இட்ஸ் எ பியூட்டிஃபுல் டே' என்ற அமெரிக்கக் குழுவின் 'பாம்பே காலிங்' என்ற இசையிலிருந்து வந்தது. அதை மெதுவாக்கி வாசித்துப் பார்த்தபோது கில்லன் அதன் மேல் பாடத் தொடங்கினார். அவர் குரல் சொற்களை விட்டுவிட்டு மேலே மேலே ஏறி அலறலாக உடைகிற இடம் ஒன்று இருக்கிறது. எவன்ஸை ஏன் மாற்றினார்கள் என்று அந்த இடத்தில் புரிந்துவிடும்.

இனி மாண்ட்ரோ. இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1971 டிசம்பரில் அடுத்த ஆல்பத்தைப் பதிவு செய்ய சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் இருக்கும் மாண்ட்ரோவுக்குப் போனார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான, லாரியில் கட்டிய ஒலிப்பதிவுக்கூடத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அங்கிருந்த சூதாட்ட மாளிகையின் அரங்கம் குளிர்காலத்துக்காக மூடப்படவிருந்தது. அங்கேயே பதிவு என்று ஏற்பாடு. மூடுவதற்கு முன் கடைசிக் கச்சேரி, டிசம்பர் 4, அமெரிக்க ராக் கலைஞர் ஃபிராங்க் ஸப்பாவுடையது. பார்வையாளர்களில் யாரோ ஒளிக்குண்டுத் துப்பாக்கியால் கூரையை நோக்கிச் சுட, கட்டடம் பற்றிக்கொண்டது. மாண்ட்ரோ இசைவிழாவை நடத்திவந்த கிளாட் நாப்ஸ் உள்ளே ஓடி ஓடி இளைஞர்களை வெளியே இழுத்தார். டீப் பர்ப்பிள் ஐவரும் மாளிகை எரிவதையும் புகை ஏரியின் மேல் படர்வதையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சில நாள் கழித்து தூக்கத்திலிருந்து விழித்த குளோவரின் வாயில் அந்த நான்கு சொற்கள் இருந்தன: 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்'.

ஆல்பம் செய்ய வந்தவர்களுக்கு இப்போது இடம் இல்லை. நாப்ஸ் ஊரில் பெவிலியன் என்ற அரங்கைப் பிடித்துக் கொடுத்தார். இரவில் வாசிக்கத் தொடங்கினார்கள், அக்கம்பக்கத்தவர் புகார் செய்தார்கள், போலீஸ் வந்து கதவைத் தட்டியது. கதவைத் திறக்கவிடாமல் உதவியாளர்கள் தாங்கிப் பிடித்திருந்த அந்த நேரத்துக்குள் ஒரு பாடலின் இசைப்பகுதி மட்டும் பதிவாகி முடிந்தது. இன்று உலகில் கிட்டாரைக் கையில் எடுக்கும் பிள்ளைகளில் பாதிப் பேர் முதலில் வாசித்துப் பார்க்கும் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' ரிஃப், திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிட்டார் துண்டு, அதுதான். பிறகு கிராண்ட் ஹோட்டலுக்குப் போனார்கள். குளிர்காலம், விருந்தினர் யாரும் இல்லை, ஹோட்டல் வெறிச்சோடிக் கிடந்தது. ஒரு தளத்தின் நடைபாதையில் மெத்தைகளை நிறுத்தி வைத்து எதிரொலியை அடைத்தார்கள். வாசித்ததைத் திரும்பக் கேட்க வேண்டுமென்றால் அறை அறையாகப் புகுந்து, பால்கனி தாண்டி, பனியில் இறங்கி, வெளியே நிற்கும் லாரிக்குப் போக வேண்டும். இரண்டு மூன்று முறை போய் அலுத்து, கேட்பதையே நிறுத்திவிட்டார்கள். நன்றாக வந்ததா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தே முடிவு செய்தார்கள். ஒலிப்பதிவாளர் மார்ட்டின் பிர்ச் லாரிக்குள் இருந்தபடி எல்லாவற்றையும் பிடித்தார். 'மெஷின் ஹெட்' ஆல்பத்தில் இருக்கும் அந்த நேரடித்தன்மை இப்படி வந்தது. மூன்று வாரங்களுக்குள் முடிந்த வேலை. ஸ்டூடியோவில் மாதக்கணக்கில் உட்கார்ந்து அதைச் செய்திருக்கவே முடியாது.

1972 ஆகஸ்டில் ஒசாகாவில் இரண்டு இரவு, டோக்கியோவில் ஒரு இரவு. அந்த மூன்றிலிருந்து எடுத்ததுதான் 'மேட் இன் ஜப்பான்'. ஜப்பானிய ரசிகர்களுக்கு மட்டும் என்று தொடங்கி உலகெங்கும் போன பதிவு. எனக்கு இந்தக் குழு அறிமுகமானது தேய்ந்துபோன கேசட் ஒன்றில் இந்த ஆல்பத்தின் வழியாகத்தான். உறையில் யார் யார் வாசித்தார்கள் என்ற விவரம்கூட இல்லை. கில்லன் ஒரு வரியை உச்சத்தில் வீச, பிளாக்மோர் அதே ஸ்வரங்களைக் கிட்டாரில் திருப்பி எறிவார். கில்லன் இன்னும் மேலே போக, கிட்டாரும் துரத்தும். இருவரும் விளையாடுகிறார்கள் என்று அப்போது நினைத்தேன். அந்தக் காலத்தில் அவர்கள் இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்றுபோகும் அளவுக்கு மனக்கசப்பு வளர்ந்துகொண்டிருந்தது என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது.

ஏன் இத்தனை பேர் போனார்கள் என்ற உங்கள் கேள்விக்கு முக்கியமான விடை இங்கே இருக்கிறது. கர்வம், பொறாமை என்று எழுதுபவர்கள் உண்டு. அதுவும் இருந்தது. ஆனால் அடிப்படைக் காரணம் களைப்பு. 1969 முதல் 1973 வரை ஓய்வே இல்லை. ஆல்பம், சுற்றுப்பயணம், உடனே அடுத்த ஆல்பம். மஞ்சள் காமாலை வந்து கிடந்தவர்களுக்கும் முழுதாகத் தேற நேரம் கிடைக்கவில்லை. குழு பணம் காய்க்கும் மரமாக இருந்ததால் மேலாளர்கள் உலுக்கிக்கொண்டே இருந்தார்கள். ஆறு மாதம் எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்று ஒருவர் சொல்லியிருந்தால் கதையே வேறாகியிருக்கும். கில்லன் பின்னாளில் இதையேதான் சொன்னார். 1972 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் நடுவே விலகல் கடிதம் எழுதிக் கொடுத்தார். யாரும் உட்கார்ந்து பேசவில்லை. கடிதத்தில் குறித்த நாள் வரை, ஏழு மாதம், வாய் திறக்காமல் பாடிவிட்டு 1973 ஜூன் 29 அன்று ஒசாகாவில் கடைசிக் கச்சேரியை முடித்துக்கொண்டு போனார். பிளாக்மோர் விரும்பாததால் குளோவரும் அன்றோடு விலக்கப்பட்டார். 1969இல் பின்வாசல் வழியாக உள்ளே வந்தவர்கள், நான்கே ஆண்டுகளில் அதே வழியாக வெளியே போனார்கள்.

மார்க் 3 பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேஸுக்கு 'டிரபீஸ்' குழுவின் கிளென் ஹியூஸ், அவரும் பாடுவார். முன்வரிசைப் பாடகராக வட இங்கிலாந்தில் துணிக்கடையில் விற்பனையாளராக இருந்த, வெளியுலகம் அறியாத டேவிட் கவர்டேல். 1974இல் வந்த 'பர்ன்' ஆல்பத்தின் தலைப்புப் பாடலில் லார்டும் பிளாக்மோரும் அடுத்தடுத்து வாசிக்கும் தனிப்பகுதிகளைக் கேளுங்கள். பாடகர் இருவர் புதியவர், பேஸ் புதிது. ஆனாலும் அந்தப் பழைய மல்லுக்கட்டு அப்படியே இருக்கிறது. அதே ஆண்டு ஏப்ரலில் 'கலிஃபோர்னியா ஜாம்' விழாவில் பிளாக்மோர் கிட்டாரால் தொலைக்காட்சிக் கேமராவைக் குத்தி, ஆம்ப்ளிஃபையருக்குத் தீ வைத்த காட்சியைப் பெரும்பாலோர் பார்த்திருப்பார்கள். ஹியூஸுக்கும் கவர்டேலுக்கும் கறுப்பின சோல், ஃபங்க் இசையில் பிரியம். 'ஸ்டார்ம்பிரிங்கர்' ஆல்பத்தில் அது தூக்கலாகத் தெரிந்தது. பிளாக்மோருக்குப் பிடிக்கவில்லை. 1975 ஏப்ரலில் பாரிஸ் கச்சேரியோடு விலகி, ரானி ஜேம்ஸ் டியோவைப் பாடகராக வைத்து 'ரெயின்போ' குழுவைத் தொடங்கினார்.

கிட்டார் இடம் காலியானதும் குழுவைக் கலைத்துவிட லார்ட் யோசித்தார். மற்றவர்கள் பேசி நிறுத்தினார்கள். வந்தவர் டாமி போலின், அமெரிக்கர், இருபத்து மூன்று வயது. ஜாஸ் டிரம்மர் பில்லி காபமின் 'ஸ்பெக்ட்ரம்' ஆல்பத்தில் அவர் வாசித்ததைக் கேட்டவர்களுக்கு அவர் யார் என்று தெரியும். அவர் இருந்த ஒரே ஸ்டூடியோ ஆல்பம் 1975இல் வந்த 'கம் டேஸ்ட் தி பேண்ட்'. இதை டீப் பர்ப்பிள் ரசிகர்கள் பலர் தொடுவதே இல்லை. அது பெரிய அநீதி. போலின் பிளாக்மோரை நகல் எடுக்கவில்லை. சதுரமான இறுக்கமான ரிஃப்களுக்குப் பதில் நெளிந்து வளையும் வாசிப்பு. லார்டு அதற்கு ஏற்ப வேறுவிதமாக பதில் சொல்கிறார். சண்டை இல்லை, உரையாடல் இருக்கிறது.

மேடையில் அது கைகூடவில்லை. போலின் ஹெராயினுக்கு அடிமை, ஹியூஸ் கொக்கெய்னுக்கு. 1975 டிசம்பரில் ஜகார்த்தா கச்சேரியின்போது குழுவின் பாதுகாவலர் ஒருவர் ஹோட்டல் லிஃப்ட் குழிக்குள் விழுந்து இறந்தார். அங்கிருந்து ஜப்பான் போனபோது போலினின் இடது கை சரியாக இயங்கவில்லை, விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. பிளாக்மோரை எதிர்பார்த்து வந்த கூட்டம் போகும் இடமெல்லாம் அவர் பெயரைச் சொல்லிக் கத்தியது. அந்த இளைஞன் அதைக் கேட்டுக்கொண்டு மேடையில் நின்றதை நினைத்தால் இப்போதும் மனம் கனக்கிறது. 1976 மார்ச் 15, லிவர்பூல். கச்சேரி முடிந்து உள்ளே வந்ததும் லார்டும் பெய்ஸும் இனி இந்தக் குழு இல்லை என்று தங்களுக்குள் முடிவு செய்துகொண்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 4 அன்று மயாமியில் போலின் இறந்தார். வயது இருபத்தைந்து. மாண்ட்ரோ தீ டிசம்பர் 4. ஜகார்த்தாவில் முதல் நாள் கச்சேரி டிசம்பர் 4. பின்னாளில் ஃபிராங்க் ஸப்பா இறந்ததும் 1993இல் அதே நாள். தற்செயல்தான், ஆனாலும் நாட்காட்டியில் அந்தத் தேதியைப் பார்க்கும்போது நினைவு வந்துவிடுகிறது.

கலைந்த பிறகு எட்டு ஆண்டுகள். ஆனால் யாரும் தூரம் போகவில்லை. கவர்டேல் தொடங்கிய 'வைட்ஸ்நேக்' குழுவில் லார்டும், பிறகு பெய்ஸும் சேர்ந்தார்கள். பிளாக்மோர் தானே விலக்கச் செய்த குளோவரைத் தன் 'ரெயின்போ'வுக்கு அழைத்துக்கொண்டார். கில்லன் தன் பெயரிலேயே குழு நடத்தி, 1983இல் 'பிளாக் சபாத்' குழுவில் ஓர் ஆல்பம் பாடினார். இவர்களில் யார் எந்தக் குழுவில் இருந்தார்கள் என்று தாளில் கோடு போட்டுப் பார்த்தால் சிலந்தி வலை போல ஆகிவிடும்.

இடையில் 1980இல் ஒரு வருத்தமான அத்தியாயம். முதல் பாடகர் ராட் எவன்ஸை முன்னால் நிறுத்தி, முன்பின் தெரியாத நால்வரோடு ஒரு கூட்டம் டீப் பர்ப்பிள் என்ற பெயரில் அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் கச்சேரி நடத்தியது. 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' பாட எவன்ஸ் வந்து நிற்பதைப் பார்த்த கூட்டம் கொதித்தது. வழக்கு நடந்தது. 6,72,000 டாலர் இழப்பீடு என்று தீர்ப்பு. முதல் மூன்று ஆல்பங்களிலிருந்து வர வேண்டிய உரிமைத்தொகையையும் எவன்ஸ் இழந்தார். அதற்குப் பிறகு பொதுவெளியில் யாரும் அவரைப் பார்க்கவில்லை. செய்தது தவறுதான். ஆனால் 1969இல் அவருக்குத் தெரியாமல் அவர் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்ததையும் சேர்த்தே இதைப் பார்க்க வேண்டும்.

1984இல் மார்க் 2 ஐவரும் மீண்டும் சேர்ந்தார்கள். 'பர்ஃபெக்ட் ஸ்ட்ரேஞ்சர்ஸ்' தலைப்புப் பாடலின் தொடக்கத்தில் லார்டின் ஆர்கன் கர்ஜிக்கும்போது பதினொரு ஆண்டு இடைவெளி கரைந்துபோகிறது. 1985 கோடையில் நெப்வொர்த் மைதானத்தில் கொட்டும் மழையில் பெருங்கூட்டம் நனைந்துகொண்டே கேட்டது. அடுத்த ஆல்பம், 1987இல் வந்த 'தி ஹவுஸ் ஆஃப் புளூ லைட்', அதே ஐவர் செய்ததுதான். கேட்டால் ஐந்து பேர் ஐந்து அறைகளில் இருந்து வாசித்ததுபோல் இருக்கிறது. நான் முதலில் சொன்னதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை. 1989இல் கில்லனை வெளியேற்றி, 'ரெயின்போ'வில் பாடிய ஜோ லின் டர்னரைக் கொண்டுவந்தார்கள். அவர் பாடிய 'ஸ்லேவ்ஸ் அண்ட் மாஸ்டர்ஸ்' நல்ல ரெயின்போ ஆல்பம், அவ்வளவுதான். இருபத்தைந்தாம் ஆண்டு வருகிறது, பழைய பாடகர் வேண்டும் என்ற அழுத்தத்தில் கில்லன் திரும்பினார்.

பிளாக்மோர் அதை மனதார ஏற்கவில்லை. 1993 நவம்பரில் பர்மிங்காமில் கச்சேரியைப் படம் பிடித்தார்கள். முதல் பாடல் தொடங்கியது, கிட்டார்காரரைக் காணோம். நால்வரும் அவர் இல்லாமலே வாசிக்கிறார்கள். தனிப்பகுதி வரும்போது நுழைந்து நான்கு ஸ்வரங்களை வாசித்துவிட்டு, மேடைக்கு வந்த கேமராவை நோக்கித் தண்ணீரை வீசினார். லார்டின் முகத்தை அந்தப் படத்தில் பாருங்கள். ஒரு வாரம் கழித்து, நவம்பர் 17, ஹெல்சிங்கியில் கடைசிக் கச்சேரி. ஜப்பானுக்கு டிக்கெட் விற்றாகிவிட்டது. ஜோ சாட்ரியானி வந்து சில மாதங்கள் வாசித்துக் காப்பாற்றினார். நான் முதலில் சொன்ன பதினைந்தாவது ஆள் அவர்தான். அவருக்கு வேறு ஒப்பந்தங்கள் இருந்ததால் நிரந்தரமாக இருக்க முடியவில்லை.

1994 நவம்பரில் மெக்சிகோ நகரில் ஸ்டீவ் மோர்ஸ் முதல்முறை மேடை ஏறினார். 'டிக்ஸி டிரெக்ஸ்', 'கான்சஸ்' குழுக்களில் வாசித்தவர், அமெரிக்கர். பிளாக்மோர் இல்லாத டீப் பர்ப்பிள் போலி என்று சொல்பவர்களிடம் ஒரு கணக்கைச் சொல்வேன். பிளாக்மோர் இரண்டு தவணையிலும் சேர்த்து இருந்தது சுமார் பதினாறு ஆண்டு. மோர்ஸ் இருந்தது இருபத்தேழு ஆண்டுக்கு மேல். 1996இல் வந்த 'பர்பெண்டிகுலர்' ஆல்பத்தில் அந்த ஐவரும் சிரித்துக்கொண்டே வாசிப்பது ஒலியிலேயே தெரியும். பல ஆண்டுகளாக அந்தக் குழுவில் கேட்காமல் போயிருந்த ஒலி அது.

1969இன் கான்செர்ட்டோவுக்குத் தனிக் கதை உண்டு. அதன் இசைக்குறிப்புத் தாள்கள் தொலைந்துபோயின. மார்கோ டி ஹூய் என்ற இளம் டச்சு இசையமைப்பாளர் ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ஒவ்வொரு கருவியும் வாசிப்பதைக் காதால் பிரித்து மறுபடி எழுதிக் கொண்டுவந்து லார்டிடம் கொடுத்தார். இருவரும் சேர்ந்து திருத்தி முடிக்க, 1999 செப்டம்பரில் அதே ராயல் ஆல்பர்ட் ஹாலில், லண்டன் சிம்பனி இசைக்குழுவோடு மீண்டும் ஒலித்தது. ஒரு ரசிகன் ஒரு படைப்பாளிக்குச் செய்யக்கூடிய மரியாதை இதைவிடப் பெரிதாக என்ன இருக்கிறது?

லார்ட் 2002 செப்டம்பரில் இப்ஸ்விச் கச்சேரியோடு விடைபெற்றார். சண்டையில்லாமல் வெளியேறிய மிகச் சிலரில் அவர் ஒருவர். தன் இசையை எழுத நேரம் வேண்டும் என்றார். அவர் இடத்துக்கு 'ரெயின்போ'வில் வாசித்த டான் ஏரி வந்தார். 2012 ஜூலை 16 அன்று, புற்றுநோயோடு போராடிக்கொண்டிருந்த லார்ட் மறைந்தார். 2013 முதல் பாப் எஸ்ரின் தயாரிப்பில் வரும் ஆல்பங்கள் எழுபது வயதுக்காரர்கள் செய்தவை என்று சொன்னால் நம்புவது கடினம். 2022இல் மனைவியின் நோயைக் கவனிக்க மோர்ஸ் விலகினார். வடக்கு அயர்லாந்தைச் சேர்ந்த சைமன் மக்பிரைட் வந்தார். அவர் பிறந்தது 1979இல், குழு ஒருமுறை கலைந்து மூன்றாண்டு ஆன பிறகு. அவர் வந்தபின் 2024இல் வெளியான '=1' ஆல்பத்தில் ஏரியின் ஆர்கனும் இளைய கிட்டாரும் ஒன்றையொன்று விரட்டும்போது, 'இன் ராக்' காலத்துப் பழைய பகை மறுபடி கேட்கிறது.

2016இல், ராக் இசையில் சிறந்தவர்களைக் கௌரவிக்கும் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் எட்டுப் பேரைச் சேர்த்தது: முதல் மூன்று மார்க்குகளின் உறுப்பினர்கள், சிம்பரைத் தவிர. சிம்பர் மூன்று ஆல்பங்களில் வாசித்தவர். இறந்துபோன போலின் இல்லை, அன்றைக்கு இருபது ஆண்டுக்கு மேலாக வாசித்துக்கொண்டிருந்த மோர்ஸ் இல்லை, ஏரியும் இல்லை. அந்தப் பட்டியலை என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

எது உண்மையான டீப் பர்ப்பிள் என்றால், சிகரம் மார்க் 2தான். அதில் எனக்குத் தயக்கம் இல்லை. ஆனால் நீங்கள் கேட்ட மூன்றோடு நிறுத்த வேண்டாம். அடுத்து 'மேட் இன் ஜப்பான்' கேளுங்கள், அதன்பின் 'கம் டேஸ்ட் தி பேண்ட்', அதன்பின் 'பர்பெண்டிகுலர்'. கடைசியில் நீங்கள் ஏற்கெனவே கேட்ட 'பர்ன்' பாடலுக்கே திரும்பி வாருங்கள். இந்த முறை குரலையும் கிட்டாரையும் விட்டுவிட்டு, தொடக்கம் முதல் முடிவு வரை டிரம்ஸை மட்டும் கேளுங்கள். இடதுகைக்காரரான பெய்ஸ் அந்த ஆறு நிமிடமும் ஓரிடத்தில்கூடச் சும்மா தாளம் பிடிப்பதில்லை. பாடுபவர் மூச்சு விடும் இடைவெளியில் எல்லாம் புகுந்து புறப்படுகிறார். அதே கை 1968இன் 'ஹஷ்' பாடலிலும் இருக்கிறது, 2024இன் ஆல்பத்திலும் இருக்கிறது.